வாய் இருக்க ஊசி எதற்கு?

என் மாப்பிள்ளையின் சிறுகுடலில் கடைசி ஒன்றரை சாண் இல்லை. இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் பட்டப்பகலில் வெட்டி எடுத்தார்கள். வெட்டியதை ஒரு தட்டில் வைத்து எனக்கும் என் தங்கச்சிக்கும் காட்டினார்கள். தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டாள், நான் பார்த்தேன். ஆகவே அந்தக் குடல் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு நானே சாட்சி. ஆனால் அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கிற வைட்டமின் துறை மட்டும் அதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது, வேலையும் செய்கிறது.

மாப்பிள்ளை என்றால் என் தங்கச்சி வீட்டுக்காரர். மார்க்கெட்டுக்குப் பின்னால் சலூன் வைத்திருக்கிறார். அவருக்குப் பஞ்சுக்கை என்று பட்டப்பெயர். அவர் சவரம் செய்தால் பாதியிலேயே தூங்கிவிடுவார்கள். கத்தி கன்னத்தில் போவதே தெரியாது. தாடைக்கு அடியில் கை போய்விட்டால் சவரக்காரனின் கண்ணுக்கு எதுவும் தெரியாது, அங்கே விரல்தான் பார்க்க வேண்டும், அவருடைய விரல் அப்படிப் பார்க்கும். மனுஷர் சாது. யாரையும் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. என்னை ஒருநாள் 'நீங்க' என்று கூப்பிடாமல் இருந்ததில்லை.

பல வருஷமாக அவருக்குக் குடல் அழற்சி. வாடிக்கையாளரின் முகத்தில் பாதி நுரையோடு உட்கார வைத்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடுவார். வாடிக்கையாளர்களும் பழகிவிட்டார்கள், படிக்க எதையாவது கையோடு எடுத்து வருவார்கள். மருந்து மாற்றி மருந்து கொடுத்துப் பார்த்து, கடைசியில் அழுகிய துண்டை வெட்டினார்கள். அதற்கப்புறம் ஓட்டம் குறைந்தது. நாங்கள் எல்லோரும் அப்பாடா என்று உட்கார்ந்த நேரத்தில்தான் விரல் எரிய ஆரம்பித்தது.

முதலில் எரிச்சல், அப்புறம் குறுகுறுப்பு. ஒருநாள் கத்தியைத் தோல்பட்டையில் தீட்டிவிட்டு ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். வெள்ளை நுரை சிவப்பாகிவிட்டது. நாற்காலியில் இருந்தவர் கண்ணாடியைப் பார்த்து, "என்னை வெட்டிட்டியாப்பா?" என்று கேட்டார். மாப்பிள்ளை பதறிப்போய் அவர் முகம் முழுக்கத் தடவித் தேடினார். வெட்டு எங்கேயும் இல்லை. ரத்தம் மாப்பிள்ளையின் கட்டைவிரலிலிருந்து வந்துகொண்டிருந்தது. தீட்டும்போதே வெட்டுப்பட்டிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் எனக்கு போன் வந்தது. நான் சரக்கு வேன் ஓட்டுகிறவன், குடும்பத்தில் யாருக்கு எங்கே போக வேண்டுமென்றாலும் என் தலையில்தான் விழும்.

குடலை வெட்டிய சர்ஜனிடமே போனோம். நல்ல மனுஷர். விரல்களைத் தடவிப் பார்த்தார், ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"பி பன்னிரண்டுன்னு ஒரு வைட்டமின். அது உடம்புல சேர்றதே குடலோட கடைசித் துண்டு வழியாத்தான். அந்தத் துண்டைத்தான் நான் எடுத்துட்டேன். சேர்த்து வச்சிருந்ததும் தீர்ந்துபோச்சு. இனிமே ஊசியாத்தான் ஏத்தணும், ஆயுசுக்கும். விட்டா நரம்பு கெடும். ரொம்ப நாள் விட்டா, கெட்டது திரும்பாது."

"அப்ப போடுங்க டாக்டர்," என்றாள் தங்கச்சி.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நான் போட முடியாதும்மா. வைட்டமின் எல்லாம் கீழே போயிடுச்சு. நான் வயித்தைக் கிழிக்கலாம், வைட்டமின் எழுதக்கூடாது."

வெளியே மருந்துக்கடையில் வாங்கிப் போட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். நாட்டில் எந்தக் கடையில் எந்த வைட்டமின் ஊசி விற்றாலும் அதற்குத் துறையின் முத்திரை வேண்டும். ஒரு சொட்டு சிவப்புத் தண்ணீர், சின்னக் கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது, அதைக் காக்க இத்தனை பேர். ராணுவ ஆயுதக் கிடங்குக்குக்கூட இவ்வளவு காவல் இருக்காது.

சரி, கீழே போனோம். துறையின் முழுப்பெயர் நுண்ணூட்ட வழங்கல் மற்றும் வாய்வழி மேம்பாட்டுத் துறை. வாசலே ஒரு வாய். சிமெண்டில் பெரிய உதடு கட்டி ரோஸ் நிறம் அடித்திருந்தார்கள். மேலே வரிசையாகப் பல். கீழே சிவப்புக் கம்பளம், அதுதான் நாக்கு. அதை மிதித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். உதட்டுக்கு மேலே கொட்டை எழுத்தில், 'வாய் இருக்க ஊசி எதற்கு?' என்று எழுதியிருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்த என் மாப்பிள்ளை, பல்லில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே போனார்.

ஆலோசனை அதிகாரி ஒருவர் இருந்தார். கழுத்தில் டார்ச் தொங்கியது. எதற்கு வந்தோம் என்று கேட்கவில்லை. "ஆ காட்டுங்க," என்றார். மாப்பிள்ளை காட்டினார். நாக்கைத் தூக்கச் சொன்னார், மடக்கச் சொன்னார், பல்லைத் தட்டிப் பார்த்தார்.

"அருமையான வாய்," என்றார்.

"விரல்தான் சார் எரியுது," என்றார் மாப்பிள்ளை.

"விரலுக்கு அப்புறம் வரேன். முழுங்க முடியுதா?"

"முழுங்க முடியுது சார். ஆனா உள்ளே போனா..."

"முழுங்க முடியுது," என்று தனக்குத்தானே சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், இவருக்கு அதை எடுத்துக்கற குடலே இல்ல. மூணாவது மாடியில வெட்டிட்டாங்க. நான் என் கண்ணால பாத்தேன்."

"நீங்க யாரு?"

"மச்சான்."

"மச்சானுங்களுக்கு இங்க ஆலோசனை கிடையாது." பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "எங்க துறை உதட்டுல ஆரம்பிச்சுத் தொண்டையில முடியுது. தொண்டைக்குக் கீழ என்ன நடக்குதுன்னு நாங்க கேக்கறதே இல்ல. அது மத்த துறைங்களுக்கு நாங்க குடுக்கற மரியாதை."

"அப்ப ஊசி யாருக்குத்தான் போடுவீங்க?" என்றாள் தங்கச்சி.

"வாய்வழி தோத்துப்போனவங்களுக்கு. மாத்திரை குடுப்போம். முழுங்கலேன்னா தோல்வி."

"முழுங்கினா?"

"வெற்றி."

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார். "நான் துப்பிட்டா சார்?"

"துப்பினா நீங்க ஒத்துழைக்காத நோயாளி. ஒத்துழைக்காதவங்களுக்கு ஊசி கிடையாது."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. எலிப்பொறி செய்கிறவனுக்கு அந்த நிறைவு வரும். முழுங்கினாலும் ஊசி இல்லை, முழுங்காவிட்டாலும் ஊசி இல்லை. நாங்கள் மூன்று பேரும் நாக்கின் மேல் நடந்து வெளியே வந்தோம்.

வாரம் ஒருநாள் விழுங்கல் மண்டபத்துக்கு வரச் சொன்னார்கள். மாத்திரையை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். வீட்டில் முழுங்கினால் யார் பார்ப்பது? வரிசை வரிசையாகப் பெஞ்சு. எல்லோரும் குடல் நோயாளிகள். ஆளுக்கொரு ஆரஞ்சு நிற மாத்திரை, ஒரு காகிதக் கோப்பையில் தண்ணீர். முதல் மணி அடித்தால் மாத்திரையை நாக்கில் வைக்க வேண்டும். இரண்டாவது மணிக்கு முழுங்க வேண்டும். மூன்றாவது மணிக்கு எல்லோரும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்க, டார்ச்சோடு ஆட்கள் பெஞ்சு பெஞ்சாக வந்து உள்ளே அடித்துப் பார்ப்பார்கள். குடல் நோயாளிகள் இருக்கிற மண்டபத்தில் கழிப்பறை இல்லை. துறை தொண்டையோடு முடிந்துவிடுகிறது, கழிப்பறை அதன் எல்லைக்கு வெளியே. பாதிப் பேர் மூன்றாவது மணிக்கு முன்னால் முகம் வெளுத்துக் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து ஓடினால் முதல் மணியிலிருந்து திரும்ப ஆரம்பம்.

மாத்திரைக்குப் பிறகு இயக்குநர் பேசுவார். ஆள் வாட்டசாட்டம், மழமழவென்று சவரம் செய்த முகம். நோயாளிகளை விழுங்குநர்கள் என்றுதான் அழைப்பார்.

"அன்பான விழுங்குநர்களே, இத்துறை தோன்றிய நாள்முதல் நாம் வழங்கிய மாத்திரைகளில் ஒன்றுகூடத் தரையில் விழுந்ததில்லை. உலகில் வேறு எந்த நிறுவனம் இப்படி மார்தட்ட முடியும்? இதனால் யாருக்காவது உடம்பு தேறியதா என்று சிலர் கேட்கிறார்கள். நாம் இவ்வளவு ஒழுங்காக விழுங்கிக்கொண்டிருக்கும்போது உடம்பை எதற்காக நடுவில் இழுக்க வேண்டும்? உடம்பு தேறுவது அவரவர் சொந்த விஷயம். விழுங்குவது பொது விஷயம். நான் ஊசிக்கு விரோதி என்று வதந்தி பரப்புகிறார்கள். என்னைப் பெற்ற தாய்க்கு மாதாமாதம் ஊசிதான் போடுகிறேன். என் அறைக் குளிர்பெட்டியில் எப்போதும் இருக்கும். ஆனால் அது பாசம். பாசம் வேறு, கொள்கை வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் நாடு என்ன ஆவது?"

எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டினால்தான் கதவைத் திறப்பார்கள், கழிப்பறை கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

மாப்பிள்ளை வாரம் தவறாமல் போனார். சொன்னதைச் செய்கிற சுபாவம். எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. ஒருநாள் தங்கச்சி என்னைத் தனியாக அழைத்து, சொல்லக் கூசிக்கொண்டு சொன்னாள். மாத்திரை வெளியே வந்துவிடுகிறதாம், போன மாதிரியே, ஆரஞ்சு நிறம்கூட மாறாமல். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைவிடப் பெரிய தோல்வி என்ன வேண்டும்? வேனை எடுத்துக்கொண்டு ஆலோசனை அதிகாரியிடம் போனோம். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"முழுசாவா?" என்றார் அதிகாரி.

"முழுசா சார்."

"உடையலை?"

"கீறல்கூட இல்ல சார்."

அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. அடுத்த வாரம் இயக்குநர் மேடையில் அதை அறிவித்தார். "நம் மாத்திரையின் தரத்தைப் பற்றிச் சந்தேகப்பட்டவர்கள் கேளுங்கள். ஒரு மனிதனின் உடம்பு முழுவதையும் கடந்து, ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே வந்திருக்கிறது நம் மாத்திரை. இதைச் செய்த தொழிற்சாலைக்கு என் பாராட்டுகள்." மாப்பிள்ளையை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அவர் நின்றார். நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், வெட்கத்தில் காதுவரை சிவந்துவிட்டது மனுஷருக்கு. எனக்கு அந்த மைக்கைப் பிடுங்கி அந்த ஆளின் தலையில் போட வேண்டும்போல இருந்தது.

கடை படுத்துவிட்டது. ஒருவர் காதில் கத்தரி பட்டது, இன்னொருவருக்கு மீசையில் ஒரு பக்கம் போய்விட்டது. சவரத்துக்கு வருகிறவர்கள் தெருவின் அடுத்த முனைக்குப் போக ஆரம்பித்தார்கள். தூங்கித் தூங்கிச் சவரம் செய்துகொண்டவர்கள்கூட, இப்போது கடையைக் கடக்கும்போது ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையை வேகமாக்கினார்கள். மாப்பிள்ளை விடவில்லை. புதிதாகத் தொழில் பழகுகிறவர்கள் பலூனை ஊதி, நுரை பூசி, வெடிக்காமல் வழித்துப் பழகுவார்கள். அவரும் சின்ன வயதில் அதைச் செய்தவர்தான். இப்போது காலையில் கடை திறக்குமுன் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து மறுபடியும் பலூனை எடுத்தார். டப்பென்று வெடிக்கும். கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. திரும்ப டப். ஒவ்வொரு டப்புக்கும் என் தங்கச்சி செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிடுவாள்.

"அண்ணே, அவருக்கு வேற ஒண்ணும் தெரியாது," என்றாள் என்னிடம். "கையும் போச்சுன்னா இவர் என்ன பண்ணுவார்?"



பிறகு ஒருநாள் எரிச்சல் நின்றது. சர்ஜனிடம் சொன்னபோது அவர் முகம் விழுந்துவிட்டது. நரம்பு கத்திக்கொண்டிருக்கிற வரைக்கும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமாம், இப்போது கத்துவதை விட்டுவிட்டது. "சீக்கிரம் ஊசி வாங்குங்க, இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம்," என்றார். நாங்கள் கீழே ஓடினோம்.

அதிகாரி கேட்டார். "எரிச்சல் இருக்கா?"

"இல்ல சார். ஒண்ணுமே தெரியல சார். தொட்டாக்கூடத் தெரியல."

"வந்தப்ப எரிச்சல் இருந்தது?"

"இருந்தது சார்."

"இப்ப இல்ல?"

"இல்ல சார், ஆனா..."

"ஆனாவெல்லாம் வேண்டாம்." அதிகாரி மாப்பிள்ளையின் செத்துப்போன கையைப் பிடித்துக் குலுக்கினார். "குணமாயிட்டீங்க. குணமான முதல் ஆள் நீங்கதான்."

அப்படித்தான் என் மாப்பிள்ளை அந்த வருஷத்து வாய்வழி வெற்றியாளர் ஆனார். துறையின் ஆண்டு விழாவில் அவரை மேடையேற்றப் போவதாகச் சொல்லி அனுப்பினார்கள். சும்மா ஏற்றினால் போதாது என்று விளம்பரப் பிரிவில் எவனுக்கோ மூளை வேலை செய்திருக்கிறது. சலூன்காரர் குணமாகிவிட்டார் என்றால் சவரம் செய்து காட்டட்டும், அதுவும் இயக்குநருக்கே செய்யட்டும், படம் நன்றாக வரும். இயக்குநருக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டதாம். விழாவுக்கு முந்தின ரெண்டு நாள் முகத்தில் கத்தி வைக்காமல் முள்ளுமுள்ளாக வளர்த்துக்கொண்டு வந்தார்.

"முடியாதுன்னு சொல்லிடுங்க," என்று தங்கச்சி சண்டை போட்டாள்.

"சொன்னேன்," என்றார் மாப்பிள்ளை. "வெற்றியாளர் மறுக்கறதுக்கு விதியில இடம் இல்லையாம். அந்தாளுக்கு ஏதாவது ஆயிட்டா என்ன பண்றது? அதான் எனக்குப் பயமா இருக்கு."

அவருடைய கவலை அந்தாளைப் பற்றி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கடை நாற்காலியை வேனில் ஏற்றினேன்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் நாற்காலி, கண்ணாடி, வெந்நீர்க் கிண்ணம். துண்டு பிடிக்க என்னை மேலே விட்டார்கள். இயக்குநர் உட்கார்ந்து தலையைச் சாய்த்தார், கண்ணை மூடினார். மாப்பிள்ளையின் சட்டைக் காலரில் சின்ன மைக் மாட்டியிருந்தார்கள், குணமான ஆள் நன்றி சொல்ல வேண்டுமல்லவா. அவர் பிரஷ்ஷை நனைத்து நுரை பூசினார். பழக்கம், அது மட்டும் அழகாக வந்தது. கத்தியை எடுத்தார். ஒரு கன்னத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்து எப்படியோ வழித்துவிட்டார். கேமராக்கள் பளிச் பளிச்சென்று மின்னின. இயக்குநர் மூடிய கண்ணோடு சிரித்துக்கொண்டிருந்தார். கத்தி தாடைக்கு அடியில், நுரைக்குள் போனது. அங்கே நின்றுவிட்டது.

"மச்சான்," என்றார் மாப்பிள்ளை. ரகசியமாகத்தான் சொன்னார், மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. "கத்தி என் கையில இருக்கா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

நான் குனிந்து பார்த்தேன். "இருக்கு மாப்ள."

"கூர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கு?"

"அவர் பக்கம்."

இயக்குநர் கண்ணைத் திறந்தார். தாடையை அசைக்காமல், மூக்கால் பேசுவதுபோல, "எடுங்க," என்றார்.

"எடுக்கறேன் சார். எவ்வளவு அழுத்திப் பிடிச்சிருக்கேன்னு தெரியல. அசைச்சா எங்க போகும்னும் எனக்குத் தெரியாது. நீங்க முழுங்காம இருங்க சார், தொண்டை ஏறி இறங்குது."

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் மிரட்டவில்லை. நிஜமான அக்கறையோடு சொன்னார். விழுங்குவதைப் பற்றியே பேசி வாழ்ந்த ஒரு மனுஷர், எச்சிலை முழுங்கப் பயந்து அசையாமல் கிடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன் என்பதையும் மறைக்கவில்லை, எனக்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. பிறகு மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக் கையை மெல்ல வெளியே எடுத்தேன்.

இயக்குநர் துள்ளி எழுந்தார். "இந்தாளுக்கு ஏன்யா இன்னும் ஊசி போடல?"

ஆலோசனை அதிகாரி ஓடி வந்தார். "சார், இவர் குணமாயிட்டார் சார். நீங்கதான் கையெழுத்து..."

"குணமான கையா இது? என் கழுத்து போயிருக்கும். என் ரூம்ல இருக்கு பார், அம்மாவோடது, கொண்டு வா."

அதுவரை நாட்டிலேயே கிடைக்காத ஊசி, ஒரு ஆள் படியிறங்கி ஏறுகிற நேரத்தில் வந்துவிட்டது. மேடையிலேயே மாப்பிள்ளையின் கையில் குத்தினார்கள். அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது. கை தட்டல் காதில் விழுந்ததும் இயக்குநருக்குத் தெம்பு வந்துவிட்டது. ஒரு பக்கம் நுரையும் ஒரு பக்கம் மழமழப்புமாக மைக்கைப் பிடித்தார்.

"விழுங்குநர்களே, நம் கொள்கையில் மாற்றம் ஏதும் இல்லை. இந்த ஊசியைப் போடச் சொல்லி ஆணையிட்டது எது? என் வாய். ஆகவே இதுவும் வாய்வழிச் சிகிச்சைதான். வாய் மீண்டும் வென்றது."

இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். சிலர் எழுந்து நின்றார்கள்.

அடுத்த வாரமே புது ஆணை வந்தது. அதிகாரிகளின் கழுத்தருகே கூரிய கருவி பிடிக்கும் தொழிலாளர்களுக்கு மட்டும் ஊசி வழங்கலாம், மற்றவர்களுக்கு வழக்கம்போல மண்டபம். வேண்டியது கிடைத்ததே என்று தங்கச்சி அன்று நிம்மதியாக அழுதாள். ஊசி ஏற ஏற மாப்பிள்ளைக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொஞ்சம் உயிர் பிடித்தன. மற்றதெல்லாம் அப்படியே கிடந்தன. அவர் கத்தரி பிடிப்பார், சீப்பு பிடிப்பார். கத்தியைத் தொட வேண்டாம் என்று சர்ஜன் சொல்லிவிட்டார், இனி எப்போதும் வேண்டாம். முதலில் வந்த அன்றைக்கே போட்டிருந்தால் எல்லா விரலும் தப்பித்திருக்குமாம். இதை அவர் சொல்லும்போது கதவைச் சாத்தவில்லை. கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது போலிருக்கிறது, பிரயோஜனம் இல்லாத நேரத்தில். மாப்பிள்ளை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, நடைபாதைப் பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். காக்கிச் சட்டை, பஸ் டிரைவர். விழுங்கல் மண்டபத்திலிருந்து அப்போதுதான் வந்திருக்கிறாள், உதட்டில் ஆரஞ்சு நிறம் ஒட்டியிருந்தது. மாப்பிள்ளையின் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அண்ணே, ஊசியா போட்டாங்க? எப்படிக் குடுத்தாங்க? எனக்கும் அதே குடல்தான், அதே இடத்துல வெட்டினாங்க. ரெண்டு காலும் மரத்துப் போச்சு. பிரேக்கை மிதிக்கிறேனா, சும்மா வச்சிருக்கேனான்னே தெரியல. கேட்டா, நல்லா முழுங்கறீங்கன்னு சொல்லி அனுப்பறாங்க."

நானும் வண்டி ஓட்டுகிறவன். காலுக்குக் கீழே பிரேக் இருக்கிறதா என்று தெரியாமல் ஒரு பஸ் நிறைய ஜனங்களை ஏற்றிக்கொண்டு போவதை நினைக்கவே முடியவில்லை.

"நான் இயக்குநருக்குச் சவரம் பண்ணினேம்மா," என்றார் மாப்பிள்ளை.

அவள் முகம் தொங்கிப்போனது. "அவர் பஸ்ல வர மாட்டாரே."

"வர மாட்டார். கார்லதான் போவார்."

"அப்ப எனக்கு வழியில்ல."

யாரையும் எதிர்த்துப் பேசி நான் கேட்டறியாத என் மாப்பிள்ளை, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "இருக்கும்மா. டிப்போவுல கேட்டு, அந்தக் கார் போற ரோட்டுக்கு ரூட் மாத்தி வாங்கிக்கோங்க. வாங்கினதும் கால் இப்படி இருக்குன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க."

அந்த அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"காலையில எத்தனை மணிக்குக் கிளம்புவார்?" என்று கேட்டாள்.